ஆண்டுக்கு ஒரு பக்கம்

எங்கள் கட்டடத்தில் ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொரு நூற்றாண்டுக்குப் போக வேண்டுமானால் படிக்கட்டுக் கதவில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை இல்லாதவர்கள் மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1660 என்று எழுதியிருக்கும் கதவில் மணி வேலை செய்யாது. அதைச் சரிசெய்வது கதவுக்கு இந்தப் பக்கத்துக் காலத்தின் பொறுப்பா, அந்தப் பக்கத்துக் காலத்தின் பொறுப்பா என்று ஒன்பது ஆண்டுகளாகக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.

ஆங்கில இலக்கியக் காலக் காப்பகம் என்பது அதன் பெயர். ஹார்ட்டில் நகரத்தின் பழைய கம்பளி ஆலையில் இருக்கிறது. நிலவறையில் பழைய ஆங்கிலக் காலம். அங்கிருந்து மாடிக்கு ஒரு காலமாக மேலே ஏறினால் ஏழாம் மாடியில் நிகழ்காலம். அங்கே கூரை ஒழுகும்.

நான் தரைத்தளத்துக் காட்சிக்கூடத்தின் காவலாளி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. யாரும் கண்ணாடிப் பெட்டியைத் தொடாமலும், யாரும் பேசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது விதி எனக்குப் பிடித்தமானது. இந்த வேலைக்கு நான் வந்ததே அதற்காகத்தான்.

வில்ஃப்ரெட் சக்டன் நவம்பர் மாதத்தில் ஒரு நாள் வந்தார். எழுபத்து நான்கு வயது. ரயில்வேயின் பழைய மேலங்கி அணிந்திருந்தார். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். வரவேற்பு மேசையில் மிஸ் பார்ஜெட்டர் படிவத்தை எடுத்து வைத்தாள்.

"எந்தக் காலத்தைச் சேர்ந்தது?"

"போன மாசம்," என்றார் அவர்.

"அப்படி ஒரு காலம் பட்டியல்ல இல்லீங்களே."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். கம்பிச் சுருள் போட்ட சாதாரண நோட்டு. உள்ளே பென்சிலால் கோடுகள், கொக்கிகள், புள்ளிகள்.

"என் பொண்டாட்டி எழுதினது. சுருக்கெழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. பழைய கையெழுத்து ஏதாவது இருந்தா கொண்டாங்க, படிச்சுச் சொல்றோம்னு நூலகத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. முழுசும் வேண்டாம். கடைசிப் பக்கம் மட்டும் போதும்."

மியூரியல் சக்டன் முப்பது ஆண்டுகள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். தொண்டையில் கட்டி வந்து குரல் போயிற்று. மருத்துவமனையில் பதினொரு வாரம் கிடந்தாள். நர்சுகளிடம் தண்ணீர், ஜன்னல், வலி என்று ஒரு சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவாள். தனக்கென்று எழுதியதெல்லாம் அந்த நோட்டில், சுருக்கெழுத்தில். பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அவள் கைக்குத் தெரிந்த எழுத்து அதுதான். கடைசி நாள் மதியம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதினாள். அதை அவர் பக்கம் திருப்பி, பென்சிலால் மூன்று முறை தட்டினாள். வில்ஃப்ரெட் அந்தக் கொக்கிகளைப் பார்த்தார். பிறகு, படித்துவிட்டவர் போலத் தலையாட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுக்குத் தலையாட்டினேன்னு தெரியணும்," என்றார் மிஸ் பார்ஜெட்டரிடம். "அவளோட வேலை பார்த்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தி செத்துட்டா. இன்னொருத்திக்கு இப்ப தன் பேரே ஞாபகம் இல்ல."

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டு மிஸ் பார்ஜெட்டர் படிவத்தைத் திருப்பினாள். "இங்க ஒரு கையெழுத்து. நிரந்தர ஒப்படைப்பு. ஒப்படைக்காத தாளைத் தொட எங்க ஆளுங்களுக்கு அனுமதி இல்ல. அப்புறம், படிக்கறதுக்கு முன்னாடி காலம் தெரியணும். அந்தக் காலத்துக் காப்பாளர்தான் படிக்கலாம்."

"படிக்காம எப்படிம்மா காலம் தெரியும்?"

"அதுக்குத்தானே ஏழு மாடி கட்டி வெச்சிருக்கோம்."

அவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் மலைக்கணவாயில் ஒரு சிக்னல் அறையில் தனியாக இருந்தவர். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் உள்ளவர். படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது: மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் காலம் கிடைக்காத தாள்கள், காகிதக் கூழ் ஆலையின் வண்டியில் ஏற்றப்படும்.

வெளியாட்கள் தனியாகப் படியேறக் கூடாது. என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

நிகழ்காலத்தின் காப்பாளர் இளைஞர். ஒழுகும் இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே பேசினார்.

"போன மாசம் எழுதினதுன்னா எங்களோடதுதான், சந்தேகமே இல்ல. ஆனா எடுத்துக்க முடியாது. எங்க காலம் இன்னும் முடியல பாருங்க. முடிஞ்சாத்தான் குழு கூடி அதுக்குப் பேர் வைக்கும். பேர் வெச்சாத்தான் அலமாரிக்கு நிதி. உங்க மனைவி கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்துத்தான் இருந்தா," என்றார் வில்ஃப்ரெட்.

ஆறாம் மாடி நவீனத்துவம். காப்பாளர் நோட்டை நடுவில் பிரித்தார். ஒன்றும் புரியாததைக் கண்டு முகம் மலர்ந்தது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இன்னும் மலர்ந்தது.

"அற்புதம். துண்டு துண்டா இருக்கு. யாருக்கும் எதுவும் புரியக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. இவங்க துன்பத்துக்குக் காரணம் என்ன? நாகரிகத்தோட வீழ்ச்சியா?"

"தொண்டையில கட்டி."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது சொந்தத் துன்பம். அதுக்கு இங்க இடம் கிடையாது."

விக்டோரியா காலத்தில் வாசலிலேயே தராசு இருக்கிறது. மூன்று பாக நாவலின் எடை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நோட்டு நூற்றெண்பது கிராம் இருந்தது. அதற்குப் பிறகு வில்ஃப்ரெட் ஒரு வாரம் வரவில்லை. சளி பிடித்துவிட்டது என்றார். கற்பனாவாதக் காலத்தின் காப்பாளரான பெண்மணி அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, மிகுந்த கனிவோடு, மனைவிக்குச் சாகும்போது என்ன வயது என்று கேட்டாள். எழுபத்தொன்று என்றார். அவள் முகம் வாடியது.

"எங்க ஆளுங்கள்ல நல்லவங்க யாரும் நாற்பதைத் தாண்டறதில்ல. சரி, மலைப்பக்கம் தனியா நடந்து போற வழக்கம் உண்டா?"

"பஸ் வராத நாள்ல போவா."

"நடக்கும்போது மனசுல ஏதாவது பொங்கியிருக்குமா?"

வில்ஃப்ரெட் வெகுநேரம் யோசித்தார். "பஸ் கம்பெனியைத் திட்டுவா," என்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர், துயரம் பணிவாக இருந்தால் அழகு, பணிவு தூரமாக இருந்தால் அதைவிட அழகு என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எங்களுக்குப் புரிந்தது, கிளம்பிவிட்டோம். மறுமலர்ச்சிக் காலம் அந்த மாதம் முழுவதும் கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. இடைக்காலத்தின் காப்பாளர் ஏதோ புனித யாத்திரைக்கு விடுப்பில் போயிருந்தார். அவர் உதவியாளர் நோட்டைத் தொடாமல், எந்த வட்டார வழக்கு என்று மட்டும் கேட்டார். ஹார்ட்டில் வழக்கு என்று வில்ஃப்ரெட் சொன்னதும், அப்படியென்றால் இலக்கியம் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

அப்படியாக மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை நிலவறைப் படியில் இறங்கினோம். மறுநாள் வண்டி வரும். நோட்டு வில்ஃப்ரெட் கையில் இல்லை. ஒப்படைத்துவிட்ட பொருள் என்பதால் அதை நான்தான் ஒரு தட்டில் வைத்து ஏந்தி வந்தேன். அவர் இரண்டு படி பின்னால், சவப்பெட்டிக்குப் பின்னால் நடப்பவரைப் போல வந்தார்.

பழைய ஆங்கிலக் காலத்தின் பேராசிரியர் திரெல்கெல்டை ஆறு ஆண்டுகளாக யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவருடைய காலத்தில் புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை. இருந்ததும் பெரும்பாலும் எரிந்துவிட்டது. அவர் நோட்டைப் பிரித்தார். விளக்கை அருகே இழுத்தார்.

"செதுக்கெழுத்து," என்றார். "கல்லுல வெட்டிப் பழகின கை இது. கோடு ஒவ்வொண்ணும் உளி விழுந்த மாதிரி. ஆயிரத்து நூறு வருஷம் இருக்கும்."

"என் பொண்டாட்டி எழுதினதுங்க," என்றார் வில்ஃப்ரெட்.

பேராசிரியர் நிமிர்ந்து அவரை மரியாதையோடு பார்த்தார். "எழுதினது பெண்ணா? துணிச்சலான கருத்து. அடிக்குறிப்புல உங்க பேரைப் போடறேன்."

"கம்பி போட்டிருக்கே ஐயா," என்றேன் நான். எனக்கு அது என் வேலை இல்லை என்று தெரியும்.

"பிற்காலத்துக் கட்டு."

"விலைச் சீட்டு ஒட்டியிருக்கு."

"அதுக்கும் பிற்காலம்." அவர் பென்சில் கோட்டின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தார். "எவ்வளவு புதுசா இருக்கு பாருங்க. ஈரமில்லாத மடாலயத்துல இருந்திருக்கணும்."

"கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் வில்ஃப்ரெட்.

"வரிசையாத்தான் போகணும், மிஸ்டர் சக்டன். முதல் பக்கத்துக்கே நாலு வருஷம் ஆகும்."

வில்ஃப்ரெட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் வண்டி வந்து நோட்டில்லாமல் போயிற்று. அவர் அதைப் பார்க்க வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். மூன்று பஸ்கள் வந்து போன பிறகும் நின்றிருந்தார்.

கண்டுபிடிப்பு செய்தித்தாளில் வந்தது. அதன் பிறகு எல்லா மாடிகளும் நோட்டைக் கேட்டன. விக்டோரியா காலம் தன் தராசு தவறு என்று அறிவித்தது. கற்பனாவாதக் காலம், எழுதியவர் இருபத்தாறு வயதில் மலையடிவாரத்தில் செத்திருக்க வாய்ப்பு உண்டு என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது. நோட்டு நிலவறையைவிட்டு அசையவில்லை. பேராசிரியர் நான்கு ஆண்டு வேலையை நான்கு மாதத்தில் முடித்துவிட்டார். மார்ச் மாதத்தில் என் காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, விழா நடத்தினார்கள்.

இயக்குநர் டாக்டர் லான்யன் பேசினார்.

"ஆங்கில இலக்கியம் எல்லாருக்கும் சொந்தமானது. இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் இடம் உண்டு, அவங்க செத்து போதுமான காலம் ஆகியிருந்தா. எங்களைப் பார்த்துச் சிலர் கேக்கறாங்க, நீங்க இதையெல்லாம் படிக்கறீங்களான்னு. படிக்கறது அவசரக்காரங்க வேலை. படிச்சா ஒருத்தருக்குப் பிடிக்கும், இன்னொருத்தருக்குப் பிடிக்காது, சண்டை வரும். எந்தக் காலம்னு சொல்லிட்டா சண்டை இல்ல. முந்நூறு வருஷமா இந்த நாடு அமைதியா இருக்குதுன்னா அதுக்கு நாங்க ஒரு காரணம்."

கை தட்டினார்கள். பிறகு திரெல்கெல்ட் தன் மொழிபெயர்ப்பை வாசித்தார். கேடயத்தை இழந்த அரசன் ஒருவன் உறைபனியில் ஓநாய்களிடம் புலம்புகிறான். முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். வில்ஃப்ரெட் கடைசி வரிசையில், சுவரோரம் இருந்தார். அவர் பெயர் அழைப்பிதழின் அடிக்குறிப்பில் இருந்தது.

டோரீன் கிளஃப் எங்கள் சிற்றுண்டிச்சாலையில் வாரம் மூன்று நாள் வேலை பார்ப்பவள். அறுபத்தெட்டு வயது. கூட்டம் கேக் இருந்த பக்கம் நகர்ந்த பிறகு, காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே பெட்டியருகே வந்தாள். குனிந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அட," என்றாள் என்னிடம். "இது சுருக்கெழுத்தாச்சே. ஆலை ஆபீசுல இருபது வருஷம் இதைத்தான் கிறுக்கிட்டுக் கெடந்தேன். கேடயமாம், ஓநாயாம்! எந்த மடையன் சொன்னான்?"

வில்ஃப்ரெட் அவள் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் கண்ணு. சுத்தமான கையெழுத்து. ரொம்ப நல்லா எழுதியிருக்கா." அவள் கண்ணாடியின்மேல் விரலை வைத்தாள். தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவள் தாழ்ந்த குரலில், பள்ளியில் பாடம் ஒப்பிப்பவளைப் போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள்.

"வெள்ளி. மழை. புது நர்ஸ் தலையணையை மாத்தினா. வில்ஃப் ரெண்டு மணிக்கு வந்தான். தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நாலு மணிக்குப் போனான். ஒரு வார்த்த பேசல. எனக்குத்தான் குரல் போச்சு. இவனுக்கு என்ன வந்துது?"

பக்கம் அங்கே முடிந்தது. டோரீன் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் கையில் தொப்பி இருந்தது.

"ஐயோ," என்றாள். "வில்ஃப்னா நீங்கதானா?"

அவர் நேரே போய் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினார். அவருக்குத் துணையாக டோரீனும், வெளியாள் தனியாகப் போகக் கூடாது என்பதால் நானும் போனோம்.

டாக்டர் லான்யன் டோரீனை முழுவதும் பேசவிட்டார். மறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. விதிகளைத் தெளிவாகப் படித்தவர்.

"மிஸ்டர் சக்டன், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். அப்ப என்ன ஆகும்னு யோசிப்போம். இது போன வருஷம் எழுதினதுன்னா நிகழ்காலம். நிகழ்காலத்துக்கு அலமாரி இல்ல. வெள்ளிக்கிழம வண்டி வரும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தினதுன்னா, இந்தக் கட்டடம் இருக்கற வரைக்கும் அது இருக்கும். தீயில வேகாத பெட்டி. சரியான குளிர். உங்க மனைவிய இவ்வளவு பத்திரமா எந்த ஆஸ்பத்திரியும் வெச்சுக்கல."

"திருப்பிக் குடுத்துருங்க."

"நிரந்தர ஒப்படைப்பு. உங்க கையெழுத்து."

"அப்ப கடைசிப் பக்கத்தத் தொறங்க. ஒரு நிமிஷம். இந்தம்மா படிச்சுச் சொல்லிரட்டும்."

"வெளிச்சம் பட்டா தாள் போயிரும். ஆயிரம் வருஷத்துத் தாளுக்குன்னு ஒரு விதி இருக்கு. வருஷத்துக்கு ஒரு பக்கம், ஜனவரி முதல் திங்கள்கிழமை, பேராசிரியர் கையால திருப்புவார். படம் எடுக்கவும் கூடாது."

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" என்றாள் டோரீன். "பதினஞ்சு நிமிஷத்துல முழு நோட்டையும் படிச்சுருவேன். அப்புறம் டீ போட நேரம் மிச்சம் இருக்கும்."

"மிஸஸ் கிளஃப், நீங்க உணவுப் பிரிவு."

வில்ஃப்ரெட் கேட்டார்: "மொத்தம் எத்தன பக்கம்?"

"நூத்து நாப்பது."

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. சிக்னல் அறையில் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பவர் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படி அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல," என்றார் இயக்குநர் மெதுவாக. "எதுவும் சொல்லாம இருந்தாலே போதும்." ஒரு தாளை முன்னால் தள்ளினார். நோட்டின் காலத்தைப் பற்றித் தமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது.

"போடாதீங்க, கண்ணு," என்றாள் டோரீன்.

"போடலைன்னா வண்டி வருமே," என்றார் வில்ஃப்ரெட். போட்டார்.

டோரீன் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். ஜனவரி முதல் திங்கள்கிழமை வருவேன், எனக்கு உயிர் இருக்கும் வரைக்கும் வருவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வில்ஃப்ரெட் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறார். பெட்டிக்கு எதிரே பார்வையாளர் பெஞ்சில் உட்காருகிறார். பழைய ஆங்கிலத்தைப் படிக்கும் மாணவர்கள் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து ஓநாய்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுக்கிறார். பல வாரங்கள் அப்படிப் போயின. நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அவரைப் போல ஒரு பார்வையாளர் கிடைப்பது அபூர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். திடீரென்று ஒரு குரல் கேட்டது. யார் என்று தேடினேன். அவர்தான்.

"மியூரியல்," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "பாய்லர் ஆளு வந்து போனான். இப்ப சுடுதண்ணி வருது. உன் ஊதாப் பூச்செடிய நத்தை தின்னுருச்சு. கொஞ்சம் மிச்சம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி மக கல்யாணத்துக்குக் கூப்பிட்டா. நான் போகல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில, என்ன பேசறதுன்னு தெரியல மியூரியல். வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டுத்தான் வருவேன். கதவைத் தொறந்தா எல்லாம் போயிரும். அந்தக் கடைசிப் பக்கத்துல—"

மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னையும், என் தலைக்கு மேல் இருந்த அறிவிப்புப் பலகையையும் பார்த்தாள்.

நான் எழுந்து போனேன். அவர் தோளருகே குனிந்தேன்.

"வில்ஃப்," என்றேன். "இங்க பேசக் கூடாது."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, புரிந்துவிட்டவர் போலத் தலையாட்டினார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் போனார்.